டர்பனில் கிரெஷ் (குழந்தைகள் காப்பகம்) தொடங்கப் போகிறீர்களா? பிசினஸ் பிளான் எழுத முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஷால்க்ராஸிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள், என் சித்தி மகளின் தோழி. "கிரெஷ் தொடங்கப் போறேன் அக்கா, பிளான் எழுதியாச்சு, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு நோட்டை நீட்டினாள். நல்ல கையெழுத்து. கிரெஷின் பெயர், கேட்டில் மாட்டும் போர்டின் நிறம், குழந்தைகளுக்கான டீ சர்ட், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன கொண்டாட்டம் என்பது வரை எழுதியிருந்தாள். எத்தனை குழந்தைகள் என்ற இடத்தில் மட்டும் "40 - 50" என்று இருந்தது. கிரெஷ் நடத்தப் போகிற கராஜ் எத்தனை மீட்டர் என்று கேட்டேன். அளந்ததில்லை என்றாள்.

பதினோரு வருடமாக, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழ்கிற சாட்ஸ்வொர்த்தில் கிரெஷ் நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன்: பிசினஸ் பிளானின் எல்லா எண்களும் அந்த ஒரே எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் இடத்தில் சட்டப்படி எத்தனை குழந்தைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும்? கட்டணம், சம்பளம், சாப்பாடு, கடன், லாபம் எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. அந்த எண் ஆசையிலிருந்து வந்தால் பிளான் முழுவதும் ஆசையாகவே இருக்கும்.

படி 1: டேப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்

தென்னாப்பிரிக்க விதிப்படி உள்ளே ஒரு குழந்தைக்கு 1.5 சதுர மீட்டர் விளையாடும் இடம் வேண்டும், வெளியே 2 சதுர மீட்டர். 3 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் கை கழுவும் இடமும் வேண்டும். இதில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுதான் உங்கள் எண்.

எங்கள் கராஜ் 6 மீட்டருக்கு 5 மீட்டர். அப்பா ஒரு முனையைப் பிடிக்க நான் டேப்பை இழுத்துக்கொண்டு போனேன். 30 சதுர மீட்டர், 1.5ஆல் வகுத்தால் 20 குழந்தைகள் என்று சந்தோஷப்பட்டேன். அப்பாதான் "பை மாட்டுற இடம் எங்கே, பாய் அடுக்குற அலமாரி எங்கே?" என்று கேட்டார். சாக்கட்டியால் தரையில் கோடு போட்டு அவற்றைக் கழித்தோம். மிஞ்சியது 27, அதாவது 18 குழந்தைகள். பின்னால் இருந்த அவுட்பில்டிங்கில் இதே மாதிரி கழித்ததில் 18 சதுர மீட்டர் கிடைத்தது, அது 12 பேருக்கு. முற்றம் 60 சதுர மீட்டர், சரியாக 30 பேருக்கு. ஆக மொத்தம் 30. கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் இந்த 30ஐயே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

நீங்களும் சாக்கட்டியால் கோடு போடுங்கள். காகிதத்தில் வரையும்போது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே மறந்துபோகும்.

படி 2: எந்த வயதுக் குழந்தைகள்?

18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 6 பேருக்கு ஒருவர் வேண்டும். 18 மாதத்திலிருந்து 3 வயது வரை 12 பேருக்கு ஒருவர். 3, 4 வயதில் 20 பேருக்கு ஒருவர். 5, 6 வயதில் 30 பேருக்கு ஒருவர். இவர்களோடு உதவியாளரும் வேண்டும்.

இதைப் பணமாகப் பாருங்கள். கைக்குழந்தைகள் அறையில் ஒரு ஆளின் சம்பளத்தை 6 குடும்பங்களின் கட்டணம் தாங்க வேண்டும், எங்கள் கராஜ் மாதிரி 3 வயது அறையில் அதே சம்பளத்தை 18 குடும்பங்கள் தாங்குகின்றன. ஆனால் சாட்ஸ்வொர்த்தில் தேவை அதிகம் இருப்பது கைக்குழந்தைகளுக்குத்தான், ஏனென்றால் அம்மாக்கள் நான்கு மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள். அதனால் எல்லாரும் முதலில் கைக்குழந்தைகளை ஏற்றுக்கொள்கிறார்கள், மூன்றாவது மாதத்தில் சம்பளம் கொடுக்கத் திணறுகிறார்கள். என் அபிப்பிராயம், முதல் வருடம் கைக்குழந்தைகள் வேண்டாம். 18 மாதத்துக்கு மேல் தொடங்குங்கள். மனம் கேட்காது, தெரியும். வாசலில் வந்து நிற்கிற அம்மாவிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம்தான். ஆறு குழந்தைகளுக்கு ஒருவர் என்பதைச் சமாளிக்க முடியாமல் ஒன்பது குழந்தைகளை ஒருத்தி கையில் விடுவது அதைவிடப் பெரிய தவறு.

மேல் வயதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2024இல் கையெழுத்தான பேலா என்கிற கல்விச் சட்டத் திருத்தம் முதல் வகுப்புக்கு முந்தைய கிரேட் ஆர் வகுப்பைக் கட்டாயமாக்கியது. 6 வயது நிறைகிற வருடத்தில் குழந்தை பள்ளியில் இருந்தாக வேண்டும். உங்கள் மூத்த குழந்தைகள் ஜனவரியில் ஒரே நேரத்தில் போய்விடுவார்கள் என்று பிளானில் எழுதுங்கள். கிரேட் ஆர் சீக்கிரம் விட்டுவிடுவதால் அதே குழந்தைகள் மதியம், பள்ளி முடிந்த பின் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர்கேருக்குத் திரும்பி வர வாய்ப்பு உண்டு. அதை வருமானமாகப் போடலாம். ஆனால் மதியம் வருகிறவர்களும் அந்த 30க்குள்தான், அவர்களுக்கென்று தனிச் சதுர மீட்டர் முளைக்காது.

படி 3: காலை ஐந்தரைக்கு டாக்ஸி நிறுத்தத்தில் நில்லுங்கள்

சந்தை ஆய்வு என்று பிளானில் ஒரு பகுதி கேட்பார்கள். பலர் அதில் நாட்டின் மக்கள்தொகையை எழுதி நிரப்புகிறார்கள். உங்களிடம் குழந்தையை விடப்போகிறவர்கள் நடந்து வரும் தூரத்திலோ, வேலைக்குப் போகும் வழியிலோ இருக்கிறவர்கள்தான்.

நான் மூன்று நாள் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை வீட்டுக்கு அருகிலிருந்த மினிபஸ் டாக்ஸி நிறுத்தத்தில் ஒரு நோட்டோடு நின்றேன். குழந்தையோடு வருகிற அம்மாக்களை எண்ணினேன். ஆறு மணிக்குள் வந்தவர்கள்தான் அதிகம், தையல் ஃபேக்டரிகளுக்கும் ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்கும் போகிறவர்கள். அந்தத் தெருவில் ஏற்கெனவே இருந்த இரண்டு கிரெஷ்களும் திறந்தது ஏழு மணிக்கு. ஒரு அம்மா தூங்குகிற குழந்தையைப் போர்வையோடு தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஓடி வந்து டாக்ஸி பிடித்தார். ஏழு மணிக்குப் பாட்டி அந்தக் குழந்தையை கிரெஷுக்குக் கூட்டிப்போவாராம், அதற்கு மாதம் தனியாகக் காசு. அன்றே என் பிளானில் எழுதினேன்: ஐந்தரைக்குத் திறப்போம்.

இந்த மாதிரி உங்கள் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் பிளானில் இருந்தால் போதும், பத்துப் பக்கம் புள்ளிவிவரம் வேண்டாம். பக்கத்து கிரெஷ்களின் கட்டணம், நேரம், காத்திருப்போர் பட்டியல் எல்லாவற்றையும் ஃபோன் செய்து கேட்டு ஒரு அட்டவணை போடுங்கள். வேறொரு ஆளாக நடிக்காமல், நான் இந்தத் தெருவில் தொடங்கப் போகிறேன் என்று சொல்லியே கேளுங்கள். நாளைக்கு உங்களிடம் இடம் இல்லாதபோது குழந்தையை அனுப்ப வேண்டியது அவர்களிடம்தான்.

யார் வருவார்கள் என்பதிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சாட்ஸ்வொர்த் நம் தாத்தா காலத்து சாட்ஸ்வொர்த் இல்லை. என்னிடம் இருப்பவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் ஸூலு பேசுகிற குழந்தைகள். உதவியாளருக்கு ஸூலு தெரியாவிட்டால் அழுகிற இரண்டு வயதுக் குழந்தை என்ன கேட்கிறது என்றே புரியாது. கூடவே, வெள்ளிக்கிழமைகளில் அரைமணி நேரம் தமிழ்ப் பாட்டும் அ, ஆவும் சொல்லிக் கொடுக்கிறேன். நம் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு மதித்து வளர்க்கச் சொல்கிற மொழிகளில் தமிழின் பெயரும் இருக்கிறது, ஆனால் வீட்டில் அதைப் பேச ஆள் குறைந்துகொண்டே வருகிறது. "நிலா நிலா ஓடி வா" பாட்டை ஸூலுக் குழந்தைகளும் நம் குழந்தைகளும் சேர்ந்து பாடுவதைக் கேட்பதற்காகவே சில தாத்தாக்கள் வெள்ளிக்கிழமை சீக்கிரம் கூப்பிட வருகிறார்கள். உங்கள் கிரெஷில் மற்றவர்களிடம் இல்லாதது என்ன என்று பிளான் கேட்கும். எனக்கு இது.

படி 4: காகிதங்கள், அவை எடுக்கும் மாதங்கள்

குழந்தைகள் சட்டம் (38, 2005) சொல்வது இது: பெற்றோருக்குப் பதிலாக ஆறு குழந்தைகளுக்கு மேல் பார்த்துக்கொண்டால் நீங்கள் பார்ஷியல் கேர் (பகுதிநேரப் பராமரிப்பு) இடமாகப் பதிவு செய்ய வேண்டும். கற்பித்தல் திட்டத்துக்கும் பதிவு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறிவிட்டது, அதனால் பழைய ஆட்கள் சொல்கிற அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள். 2025இல் கல்வித் துறை பானா பெலே என்று ஒரு பெரிய பதிவு இயக்கம் தொடங்கியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகள். அடிப்படைப் பாதுகாப்பு இருந்தால் முதல் நிலையில் நுழைந்து, படிப்படியாக மேலே ஏறலாம். சின்ன இடங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது முனிசிபாலிட்டி. குடியிருப்புப் பகுதியில் கிரெஷ் நடத்த டர்பன் நகராட்சியான ஈதெக்வினியில் ஸ்பெஷல் கன்சென்ட் (சிறப்பு அனுமதி) வாங்க வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கும் தெரிவிக்க வேண்டும். நான் அடிபட்டது இங்கேதான். சுவருக்குப் பெயின்ட் அடித்து, பாய்கள் வாங்கி, ஒரு உதவியாளரையும் சேர்த்துவிட்ட பிறகுதான் இதைப் பற்றியே கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் கார்கள் அவர் கேட்டை மறிக்கும் என்று எதிர்ப்பு எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. நான்கு மாதம் தாமதம், அந்த நான்கு மாதமும் உதவியாளருக்குச் சம்பளம் கொடுத்தேன். முதலிலேயே ஒரு தட்டில் சமோசாவோடு அவர் வீட்டுக்குப் போய், கார்கள் எங்கே நிற்கும் என்று வரைந்து காட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் (அவுட்பில்டிங் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் இருக்காது), சுகாதார ஆய்வாளரின் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சமைப்பதற்கு ஆர் 638 என்கிற உணவுச் சுகாதார விதிப்படி சான்று, வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டின் சரிபார்ப்பு (ஃபார்ம் 30), பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டின் சரிபார்ப்பு, போலீஸ் சான்று. சமையல்காரர், தோட்டக்காரர், உங்கள் கணவர் உட்பட அந்த வளாகத்தில் இருக்கிற எல்லாருக்கும் எடுங்கள்.

நிறுவனப் பதிவு சுலபம். நிறுவனப் பதிவு அலுவலகமான சி.ஐ.பி.சி.யில் தனியார் நிறுவனம் என்றால் 125 ரேண்ட், பெயர் ஒதுக்க இன்னும் 50. லாப நோக்கற்ற நிறுவனம் என்றால் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். அரசு மானியம் உங்கள் திட்டத்தில் இருந்தால் எந்த வடிவம் பொருந்தும் என்று மாகாணக் கல்வித் துறையில் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி.

பிளானில் இவற்றை வெறும் பட்டியலாகப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம், எவ்வளவு பணம், எத்தனை வாரம், எதற்குப் பிறகு எது என்று எழுதுங்கள். அப்போதுதான் உண்மையான திறப்பு நாள் எது என்று தெரியும்.

படி 5: ஆட்களும் மணிநேரமும்

காலை ஐந்தரையிலிருந்து மாலை ஐந்தரை வரை என்றால் வாரத்துக்கு 60 மணிநேரம். சட்டப்படி ஒருவரின் சாதாரண வேலை வாரம் 45 மணிநேரம்தான். இந்த 15 மணிநேர இடைவெளியைப் பலர் கவனிப்பதே இல்லை, அங்கேதான் ஓவர்டைம் பணம் ஒழுகுகிறது, அல்லது காலையில் ஒரே ஆள் எட்டுக் குழந்தைகளோடு தனியாக நிற்கிறார். நான் செய்தது, சமையல் அக்காவை ஐந்தரைக்கு வரச் சொன்னேன். ஒன்பதரை வரை நான்கு மணிநேரம், கஞ்சியும் மதிய சாப்பாடும் முடிந்துவிடும், அதிகாலையில் இரண்டாவது பெரிய ஆளும் வீட்டில் இருப்பார். உதவியாளர்களில் ஒருவர் சீக்கிரம் வந்து சீக்கிரம் போவார், மற்றவர் எட்டு மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போவார். இதைக் கட்டம் போட்டு வரையுங்கள், அரைமணிக்கு ஒரு கட்டம். காலியான கட்டம் எது என்று கண்ணுக்கே தெரியும்.

ஆசிரியருக்கு ஆரம்பக் குழந்தைக் கல்வியில் தேசியத் தகுதிச் சட்டகத்தின் (என்.க்யூ.எஃப்.) 4ஆம் நிலைத் தகுதி இருப்பது நல்லது. ஒருவருக்காவது முதலுதவிப் பயிற்சி கட்டாயம் இருக்க வேண்டும். வேலையிழப்புக் காப்பீட்டு நிதியான யூ.ஐ.எஃப்.க்கு சம்பளத்தில் 1 சதவீதம் வேலை செய்கிறவர்கள், 1 சதவீதம் நீங்கள். வேலையில் அடிபட்டால் ஈடு தரும் காம்பன்சேஷன் ஃபண்டிலும் பதிவு செய்யுங்கள்.

படி 6: ஒரு நாள் எப்படி நடக்கும்

இந்தப் பகுதியை நேரம் நேரமாக எழுதுங்கள். கற்பித்தலுக்குப் பிறப்பிலிருந்து 4 வயது வரைக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகம் இருக்கிறது, அதை வைத்தே வாரத் திட்டம் போடலாம். இரண்டு விஷயங்களில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன்.

ஒன்று சாப்பாடு. என் சமையலறையில் இறைச்சி கிடையாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஹலால் பற்றிய கவலை இல்லை, நம் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை, புரட்டாசி என்று தனிச் சட்டி வைக்க வேண்டியதில்லை, மாட்டிறைச்சிப் பேச்சே வராது, செலவும் குறைவு. காலையில் மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி, மதியம் பருப்பும் சோறும், சுகர் பீன்ஸ் கறி, காய்கறி பிரியாணி, வெள்ளிக்கிழமை ரொட்டி. இந்த ஒரே முடிவால் மூன்று வகைப் பெற்றோரின் கேள்விகளுக்கும் பதில் கிடைத்தது.

இன்னொன்று, யார் கூப்பிட வரலாம் என்கிற பட்டியல். இரண்டாவது வருடம் ஒரு மாலை, நாலே முக்காலுக்கு ஒருவர் வந்தார். குழந்தையின் மாமா, அக்காதான் அனுப்பினாள் என்றார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. கேட்டைத் திறக்காமல், கம்பி வழியாகவே பேசிக்கொண்டு அம்மாவுக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. இருபது நிமிடம் அவர் வெளியே கோபமாக நின்றார், நான் உள்ளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா திரும்ப அழைத்தபோது குரல் நடுங்கியது: கொடுக்காதீங்க ஆண்ட்டி, நான் வர்றேன். குடும்பத்துக்குள் ஏதோ வழக்கு போலிருக்கிறது, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பட்டியல் கேட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. உங்கள் பிளானிலும் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். கூடவே, துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் புகார் செய்வது காப்பக ஊழியர்களின் சட்டக் கடமை என்பதையும், யார் எப்படிச் செய்வார்கள் என்பதையும் எழுதுங்கள்.

குழந்தையின் தடுப்பூசியும் வளர்ச்சியும் குறிக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தின் நகல், மருந்து கொடுக்கும் பதிவேடு, ஃபோட்டோ எடுக்கப் பெற்றோரின் சம்மதம் இவையும் இங்கே வரும்.

படி 7: பணம்

இனி உட்கார்ந்து கணக்குப் போடுவோம். தொகைகள் என் உதாரணம், உங்கள் தெருவின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு அறை, 30 குழந்தைகளுக்கான இடம். இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் நீங்கள், ஆளுக்கு 7,000 ரேண்ட். உங்கள் சம்பளத்தை எழுதாமல் விடாதீர்கள். "நான்தானே, பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்பவர்கள் பிறகும் எடுப்பதில்லை. இரண்டு உதவியாளர்கள்: குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது, மார்ச் தோறும் அதைத் திருத்துவார்கள், அன்றைய கூலியை விசாரித்துப் போடுங்கள். 28.79 என்றால் 45 மணிநேர வாரத்துக்கு மாதம் சுமார் 5,620. சமையல் அக்காவுக்கு நாளுக்கு நான்கு மணிநேரம், சுமார் 2,540. கூட்டினால் 27,780, யூ.ஐ.எஃப்.க்கு உங்கள் பங்கு ஏறக்குறைய 280. மின்சாரமும் தண்ணீரும் 2,600, இன்சூரன்ஸ் 1,000, துப்புரவுப் பொருட்கள் 1,200, விளையாட்டுப் பொருட்கள் 800, ஃபோன் 500, பழுதுபார்ப்பு 800. ஆக மாதம் சுமார் 35,000 ரேண்ட். ஒரு குழந்தை வந்தாலும் முப்பது வந்தாலும் இந்தச் செலவு இருக்கும்.

சாப்பாடு குழந்தைக்கு நாளுக்கு 18 ரேண்ட், 22 நாளுக்கு ஏறக்குறைய 400. அடுத்தது, பத்தில் ஒரு பங்கு கட்டணம் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாக்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, ஃபேக்டரியில் ஷார்ட் டைம் போட்டு வேலை நேரத்தையும் கூலியையும் குறைத்துவிடுகிறார்கள்.

கட்டணம் 1,400 என்றால் கைக்கு வருவது 1,260. சாப்பாடு போக 860. 35,000ஐ 860ஆல் வகுத்தால் 41 குழந்தைகள். உங்கள் இடத்தில் 30 பேர்தான். அதாவது அந்தக் கட்டணத்தில் எவ்வளவு உழைத்தாலும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். கட்டணம் 1,800 என்றால் கைக்கு 1,620, சாப்பாடு போக 1,220, எனவே 29 குழந்தைகள். எப்போதும் நிரம்பியே இருந்தால்தான் தப்பிக்கலாம். 2,000 என்றால் 1,800, சாப்பாடு போக 1,400, சரியாக 25 குழந்தைகள். இப்போது கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் 1,400தான் வாங்குகிறார்கள் என்றால்? அப்படியே அதற்கு இறங்காதீர்கள். அவர்கள் எத்தனை பேரை வைத்திருக்கிறார்கள், எத்தனை ஆட்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். உங்கள் கட்டணத்தில் ஐந்தரை மணித் திறப்பும் இரண்டு வேளைச் சாப்பாடும் அடங்கும் என்பதைப் பெற்றோருக்குக் கணக்காகவே காட்டுங்கள், பாட்டிக்குத் தனியாகக் கொடுக்கும் காசு மிச்சமாவதைப் பார்த்ததும் அவர்களுக்கே புரியும்.

முதல் வருடம் ஒரே அறையில் தொடங்குவதுதான் என் யோசனை. 18 குழந்தைகளுக்கான அறை, நீங்கள், ஒரு உதவியாளர், சமையல் அக்கா, மற்ற செலவு 5,500 என்றால் மாதம் சுமார் 20,800. 2,000 ரேண்ட் கட்டணத்தில் 15 குழந்தைகள் வந்தால் சமம். ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும்: அந்த வருடம் வாரத்துக்கு 60 மணிநேரம் நீங்கள் அங்கே இருப்பீர்கள். உடம்பு தாங்குமா என்று யோசித்து எழுதுங்கள். நிரம்பிக் காத்திருப்போர் பட்டியல் வந்த பிறகு அவுட்பில்டிங்கைத் திறக்கலாம், அதுவரை அதை வாடகைக்கு விட்டால் அந்தப் பணமும் உதவும். அதே காரணத்தால், அவுட்பில்டிங்கை கிரெஷாக மாற்றும்போது இழக்கும் வாடகையையும் செலவில் எழுதுங்கள்.

பன்னிரண்டு மாத வரவு செலவைத் தனித்தனியாகப் போடுங்கள். டிசம்பர் நடுவில் மூடுவீர்கள், பெற்றோர் அந்த மாதம் பாதிதான் தருவேன் என்பார்கள், சம்பளமோ முழுதாகப் போகும். அதனால் வருடக் கட்டணம் இவ்வளவு, 12 தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஜனவரியில் மூத்தவர்கள் போய்விட்டிருப்பார்கள், புதியவர்கள் மாதம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வருவார்கள், பெற்றோர் கையில் அண்ணன் அக்காக்களின் யூனிஃபார்ம் செலவு போக மிச்சம் இருக்காது. வருடத்தில் பயப்பட வேண்டிய மாதம் ஜனவரிதான். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே திறங்கள்.

மானியத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025 பட்ஜெட்டில் ஏழைக் குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு நாளுக்கு 17 ரேண்டிலிருந்து 24 ரேண்டாக உயர்த்தினார்கள். வருடத்துக்கு 264 நாள் என்ற கணக்கில் 6,336, மாதத்துக்கு 528. நல்ல தொகைதான், பத்துக் குழந்தைகளுக்கு வந்தால் 5,280. அனுமதிக் கடிதம் கையில் வருகிற வரை அது உங்கள் பணம் இல்லை. தனியாக இரண்டாவது அட்டவணையில் "மானியம் வந்தால்" என்று போடுங்கள்.

வரியில் ஒரு நல்ல செய்தி: கிரெஷும் ஆஃப்டர்கேரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சேவைக்கு வாட் கிடையாது. பெற்றோரிடம் அதைச் சேர்த்து வாங்கவும் கூடாது, வாங்கிய பொருட்களின் வாட்டைத் திரும்பக் கேட்கவும் முடியாது. அதனால் ஃப்ரிட்ஜ், பாய், வேலி எல்லாவற்றையும் வாட் சேர்த்த விலையிலேயே எழுதுங்கள்.

படி 8: எது தவறிப்போகலாம்

2021 ஜூலையில் கலவரம், 2022 ஏப்ரலில் வெள்ளம். டர்பனில் இதை எழுதுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதாரண இன்சூரன்ஸ் கலவரச் சேதத்துக்குப் பணம் தராது, அதற்கு சாஸ்ரியா என்கிற அரசு நிறுவனத்தின் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். குழந்தை விழுந்து அடிபட்டால் உதவும் பப்ளிக் லயபிலிட்டியும் வேண்டும். அந்த வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டின் தண்ணீர் நிலையம் போய், அங்கே மாதக் கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் கிரெஷ் ஒரு நாள்கூட நடக்காது. தண்ணீர் சேர்த்து வைக்க ஒரு ஜோஜோ டேங்க்கின் விலையைத் தொடக்கச் செலவில் போடுங்கள். கை, கால், வாய் நோய் பரவினால் எத்தனை நாள் மூடுவீர்கள், அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா? நீங்களே படுத்துவிட்டால் யார் திறப்பார்கள்? இவற்றுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதினால் போதும்.

படி 9: இப்போதுதான் எழுத்து

இவ்வளவும் ஆன பிறகு பிளானை எழுத இரண்டு மாலைகள் போதும். சுருக்கத்தைக் கடைசியாக எழுதி முதல் பக்கத்தில் வையுங்கள்: யார் நீங்கள், எந்தத் தெரு, எத்தனை குழந்தைகள், எவ்வளவு கட்டணம், எத்தனை பேர் வந்தால் சமம், எவ்வளவு பணம் வேண்டும், அதை எதற்குச் செலவழிப்பீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிறகு நான் சொன்ன வரிசையிலேயே போகலாம். அளவுகள், தரையின் வரைபடம், மூன்று கடைகளின் விலைப்பட்டியல்கள், சான்றுகளின் நகல்கள் எல்லாம் பின்னால்.

வங்கியில் உங்கள் சொந்தக் கணக்கின் ஸ்டேட்மென்டையும் உத்தரவாதத்தையும் கேட்பார்கள். சிறு தொழிலுக்கு செட்ஃபா என்ற அரசு நிறுவனம் இருக்கிறது, 2024 அக்டோபரில் செஃபா, செடா, கூட்டுறவு வங்கிகள் மேம்பாட்டு நிறுவனம் மூன்றும் இணைந்து உருவானது. 35 வயதுக்குள் இருந்தால் இளைஞர் மேம்பாட்டு நிறுவனமான என்.ஒய்.டி.ஏ.விலும் கேளுங்கள். பெரியம்மாவிடமோ ஸ்டாக்வெல் என்கிற சேமிப்புச் சீட்டிலிருந்தோ வாங்குகிற பணத்தையும் கடன் என்றே எழுதுங்கள், மாதத் தவணையோடு. நான் எழுதாமல் விட்டு இரண்டு வருடம் பெரியம்மா முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டேன்.

கொடுப்பதற்கு முன்னால் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் எண்களை மட்டும் காட்டுங்கள், அடுத்து சின்னக் குழந்தை வைத்திருக்கிற ஒரு அம்மாவிடம் நாள் அட்டவணையை மட்டும் காட்டுங்கள். இரண்டு பேரும் கேட்கிற கேள்விகள் வேறு வேறாக இருக்கும்.

ஷால்க்ராஸ் பெண் அன்று மாலையே அளந்து அனுப்பினாள். அலமாரி போக 22 சதுர மீட்டர். 14 குழந்தைகள். கொஞ்ச நேரம் பதில் இல்லை, அப்புறம் அழைத்து, சமையலறைப் பக்கச் சுவரைத் தள்ளினால் எவ்வளவு கிடைக்கும் அக்கா என்று கேட்டாள். முதலில் 14க்குக் கட்டணத்தைப் போட்டுப் பார், சுவர் அப்புறம் என்றேன். இப்போது அந்த நோட்டின் முதல் பக்கத்தில் போர்டின் நிறத்துக்கு மேலே 14 என்று எழுதியிருக்கிறாள்.